பழைய டூரிங் சைக்கிளும் அசையாத சீட் பில்லரும்

பழைய சைக்கிள் ஒன்று கைக்கு வந்தால் பெயிண்ட்டையும் கியரையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் சீட்டைத் தாங்கும் தண்டான சீட் பில்லர் மேலும் கீழும் நகர்கிறதா, ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம் கழல்கிறதா, இந்த இரண்டை மட்டும் பாருங்கள். மற்றதெல்லாம் எவ்வளவு மோசமாக இருந்தாலும் மாற்றிக்கொள்ளலாம், இந்த இரண்டும் ஃபிரேமோடு ஒட்டிக்கொண்டால் ஃபிரேமுக்கே ஆபத்து. எனக்கு வந்த டூரிங் சைக்கிளில் ஸ்டெம் கழன்றது, சீட் பில்லர் அசையவில்லை. அதை அசைக்க எட்டு நாள் ஆனது.

வண்டி பல வருடம் ஒரு ஷெட்டில் சாய்ந்து கிடந்தது. வேண்டுமென்றால் எடுத்துக்கொள், இல்லையென்றால் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவேன் என்றார் தெரிந்தவர் ஒருவர். டயர் இரண்டும் வெடித்துத் திறந்திருந்தன, செயின் துருவேறி ஒரே கம்பி மாதிரி விறைத்து நின்றது, மட்கார்டு ஒன்றுதான் மிச்சம். ஆனால் பெடல் கைகள் சுழலும் நடு அச்சிலிருந்து பின்சக்கர அச்சு வரைக்கும் டேப் வைத்துப் பார்த்தேன், கிட்டத்தட்ட 45 சென்டிமீட்டர். பந்தய சைக்கிளில் அது 41-ஐ ஒட்டி இருக்கும். அந்த நாலு சென்டிமீட்டர் நீளம் எதற்கென்றால், பின் கேரியரில் இரண்டு பக்கமும் பை தொங்கும்போது மிதிக்கிற குதிகால் பையில் இடிக்கக் கூடாது. கேரியருக்கும் மட்கார்டுக்கும் தனித்தனியாகத் துளை, முன் ஃபோர்க்கின் நடுவிலும் பை மாட்டத் துளை, கான்டிலீவர் பிரேக், சக்கரத்துக்கு 36 கம்பி. சுமை ஏற்றிக்கொண்டு மாதக்கணக்கில் ஓடுவதற்காகவே செய்த வண்டி. குழாயில் 531 என்ற ஸ்டிக்கர் பாதி கிழிந்தபடி இருந்தது. ரெனால்ட்ஸ் கம்பெனி 1935-ல் கொண்டுவந்த மாங்கனீஸ்-மாலிப்டினம் எஃகுக் குழாய் அது. இந்த மாதிரிக் குழாய்களில் இரண்டு முனையும் தடிமனாக, நடுப்பகுதி மெல்லியதாக இருக்கும். பற்றவைக்கும் சூடு படுகிற இடத்தில் தடிமன், எடை குறைய வேண்டிய இடத்தில் மெல்லிசு.

இந்த வகை வண்டிக்குப் பின்னால் பெரிய வரலாறு இருக்கிறது. பிரான்சின் செயின்ட் எட்டியன் நகரில் வெலோசியோ என்ற புனைபெயரில் எழுதிய பால் த விவி (1853-1930), சைக்கிளில் ஒன்றுக்கு மேற்பட்ட கியர் வேண்டும் என்று வாழ்நாள் முழுக்க வாதாடினார், தானே மலைகளில் ஓட்டியும் காட்டினார். டூர் த பிரான்ஸ் பந்தயத்தில் செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் டிரேலியர் கியருக்கு அனுமதி கிடைத்ததோ 1937-ல்தான். பயணம் போகிறவர்களுக்குத் தேவை முன்னாலேயே புரிந்துவிட்டது. 1976-ல் அமெரிக்காவைக் குறுக்கே கடக்க நடந்த பைக்சென்டெனியல் பயணத்தில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கலந்துகொண்டார்கள். அதற்குப் பிறகான சில வருடங்களில் பெரிய கம்பெனிகள் பலவும் நல்ல டூரிங் சைக்கிள் செய்தன. என்னுடையதும் அந்தக் காலத்து வண்டிதான்.

சரி, பெயிண்ட். எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். நான் அடிக்கவில்லை. பின்பக்கக் குழாய்களில் பை உரசி உரசிப் பெயிண்ட் போய் எஃகு பளபளவென்று தெரிந்த இரண்டு இடம் இருந்தது, இரண்டும் ஒரே உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு. அந்த வண்டி எத்தனை தூரம் சுமை இழுத்திருக்கிறது என்பதற்கு வேறு சான்று இல்லை, அதன்மேல் பெயிண்ட் அடிக்க எனக்கு மனம் வரவில்லை. துருவை மட்டும் உப்புத்தாளால் தேய்த்து எடுத்து, அந்தந்த இடத்தில் பிரைமர் தொட்டு, மேலே மெழுகு. குழாய்க்குள்ளே ஆளிவிதை எண்ணெயை ஊற்றி, ஃபிரேமை எல்லாப் பக்கமும் சாய்த்துச் சுழற்றி வடியவிட்டேன். துரு வெளியிலிருந்து தின்பதைவிட உள்ளேயிருந்து தின்பதுதான் ஆபத்து, கண்ணுக்குத் தெரியாது.

பெயிண்ட்டுக்கு முன்னால் செய்ய வேண்டிய ஒரு சோதனை உண்டு. ஹேண்டில் திரும்புகிற முன்குழாயான ஹெட் டியூபுக்குக் கொஞ்சம் பின்னால், கீழ்க் குழாயின் அடிப்பக்கத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். எங்காவது மோதியிருந்தால் அங்கே லேசான சுருக்கம் கையில் தட்டுப்படும். அப்புறம் ஒரு நூலைப் பின்பக்க அச்சு மாட்டும் இடத்தில் கட்டி, ஹெட் டியூபைச் சுற்றிக் கொண்டுவந்து மறுபக்கத்து அச்சு இடத்தில் இழுத்துக் கட்டுங்கள். சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால் ஃபிரேம் நேராக இருக்கிறது. என்னுடையதில் அரை மில்லிமீட்டர் வித்தியாசம், அதைப் பொருட்படுத்தத் தேவையில்லை.

இப்போது சீட் பில்லருக்கு வருகிறேன்.

எஃகுக் குழாய்க்குள் அலுமினியம் பில்லர். இரண்டு வேறு உலோகம் ஒட்டி நிற்க, நடுவில் வியர்வையோ மழைத்தண்ணீரோ புகுந்தால் அது ஒரு பேட்டரி மாதிரி வேலை செய்யும், அலுமினியம் அரிக்கப்படும். அரித்து வருகிற வெள்ளைப் பொடி பழைய உலோகத்தைவிட அதிக இடம் பிடிக்கும். இடமோ இல்லை. ஆக, பில்லர் உள்ளேயிருந்து ஆப்பு வைத்த மாதிரி இறுகிவிடும். யாரோ ஏற்கெனவே பைப் ரெஞ்ச் போட்டுத் திருகியிருந்த பல் தடங்கள் பில்லரில் வரிசையாக இருந்தன. அவராலும் முடியவில்லை என்பது தெரிந்தது.

முதல் மூன்று நாள் மேலேயிருந்து எண்ணெய் விட்டேன், பயனில்லை. நாலாவது நாள்தான் பெடல் கைகளின் நடு அச்சும் பேரிங்கும் சேர்ந்த பாட்டம் பிராக்கெட்டைக் கழற்றி, ஃபிரேமைத் தலைகீழாக நிறுத்தி, சீட் குழாய்க்குள் கீழ்வழியாக எண்ணெயை ஊற்றி இரவெல்லாம் விட்டேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும், ஏனென்றால் பில்லரின் அடிமுனையில்தான் தண்ணீர் சேர்ந்து நிற்கும். சூடு காட்டலாமா என்று பலரும் நினைப்பார்கள். எஃகைவிட அலுமினியம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும், அதனால் சூட்டில் பிடி இன்னும் இறுகத்தான் செய்யும், வேண்டியது குளிர்ச்சி. ஆனால் மாற்றி மாற்றிச் செய்தால் நடுவில் இருக்கும் பொடி நொறுங்கும். வெந்நீரில் நனைத்த துணி, அப்புறம் பில்லரைச் சுற்றி ஐஸ், மறுபடி எண்ணெய். மூன்று நாள் இப்படியே போனது.

எட்டாவது நாள் சீட்டைக் கழற்றிவிட்டு, பில்லரின் தலையை மேசையில் பொருத்திய வைஸில் இறுக்கிப் பிடித்து, ஃபிரேமையே கைப்பிடியாக வைத்துத் திருப்பினேன். முன்பக்கம் ஒரு கை, பின்பக்கம் ஒரு கை. இழுத்து உலுக்காமல், மெதுவாக எடையைக் கொடுத்துக்கொண்டே போக வேண்டும், மெல்லிய குழாய் முறுக்கிக்கொள்ளக் கூடாது. ஒரு நிமிடம் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு காய்ந்த குச்சி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. ஏதோ உடைந்துவிட்டது என்றுதான் நினைத்தேன், நெஞ்சு அடித்துக்கொண்டது. குனிந்து பார்த்தால் பில்லரில் நான் பேனாவால் போட்டிருந்த கோடு குழாயின் கோட்டைவிட்டு ஒரு நூல் அளவு நகர்ந்திருந்தது. அவ்வளவுதான். அதற்கப்புறம் இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம், நடுநடுவே எண்ணெய் என்று ஒன்றரை மணி நேரத்தில் முழுவதும் வெளியே வந்தது. பில்லர் முழுக்க வெள்ளைப் பொடி, இடையிடையே பள்ளம். காலிப்பர் வைத்து அளந்தேன், 27.2 மில்லிமீட்டர், 531 குழாய்க்குப் பொதுவாக வரும் அளவு. கிரீஸ் இருந்த அடையாளம் துளிகூட இல்லை. என்றோ ஒரு நாள் யாரோ வெறும் பில்லரை வெறும் குழாய்க்குள் செருகியிருக்கிறார்கள். ஒரு விரல் கிரீஸ் தடவியிருந்தால் எனக்கு எட்டு நாள் போயிருக்காது, இரும்புக் கடைக்குப் போக இருந்த ஃபிரேமுக்கும் இந்தக் கதி வந்திருக்காது.

ஆனால் இதே வண்டியில் ஸ்டெம்மைக் கழற்றியபோது நடந்தது வேறு. மேலிருக்கும் போல்ட்டை நாலு சுற்று தளர்த்தி, ஒரு மரத்துண்டை வைத்து ஒரே தட்டு, கீழேயிருக்கும் ஆப்பு விடுபட்டு ஸ்டெம் அப்படியே கையோடு வந்தது. அதன் உடம்பெல்லாம் கிரீஸ், பழுப்பேறியிருந்தாலும் இன்னும் மென்மையாக. அதைச் செருகியவர் தெரிந்து செருகியிருக்கிறார். அவர் யாரென்று எனக்குத் தெரியாது, இத்தனை வருடம் கழித்து அவருடைய கைவேலை எனக்கு உதவியது. அன்றிலிருந்து நான் பூட்டுகிற ஒவ்வொரு மரையிலும் கிரீஸ் தடவுகிறேன், எனக்கப்புறம் கழற்றப்போகிறவரை நினைத்துத்தான்.

ஓவராயில் வேலையில் பலரையும் தடுமாற வைப்பது மரையின் திசை. இங்கிலீஷ் அளவு பாட்டம் பிராக்கெட்டில் செயின் இருக்கும் வலது பக்கக் கப்புக்கு இடது மரை. அதாவது கடிகாரம் சுற்றுகிற பக்கம் திருப்பினால்தான் கழலும். இடது பெடலுக்கும் அப்படியே. ஏன் என்று தெரிந்துகொள்ள ஒரு பென்சிலைக் கைமுட்டிக்குள் தளர்வாகப் பிடித்து, அதன் நுனியை வட்டமாகச் சுழற்றிப் பாருங்கள். நுனி ஒரு பக்கம் சுற்றினால், பென்சில் தன் அச்சில் எதிர்ப்பக்கம் மெல்ல உருளும். பெடலிலும் இதே உருளல் இறுக்கும் பக்கமாகப் போக வேண்டும் என்பதற்காகத்தான் ஒரு பக்கம் இடது மரை. ஃபிரேம் இத்தாலியில் செய்ததாக இருந்தால் பெரும்பாலும் இரண்டு பக்கமும் வலது மரைதான், அதனால் ஸ்பேனரை வைப்பதற்கு முன் கப்பில் பொறித்திருப்பதைப் படியுங்கள்.

உள்ளே இருந்த கிரீஸ் காய்ந்து மெழுகாகியிருந்தது. நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக வந்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவினேன். பேரிங் குண்டுகளைப் பழையதையே போடாதீர்கள். துடைத்தால் பளபளக்கும், ஆனால் வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தால் ஒரு மங்கல் திட்டு தெரியும். பாட்டம் பிராக்கெட்டில் பக்கத்துக்கு 1/4 அங்குலக் குண்டு 11, பின் ஹப்பில் அதே அளவு 9, முன் ஹப்பில் 3/16 அங்குலம் 10. கழற்றும்போதே எண்ணிக்கொள்ளுங்கள். ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங்கான ஹெட்செட்டின் கீழ்க் கப்பில் குண்டுகள் பதிந்து பதிந்து சின்னச் சின்னக் குழியாகியிருந்தது, ஹேண்டிலை நேராக வைத்தால் டொக்கென்று போய் உட்காரும். கூண்டுக்குள் வருகிற குண்டுகளை எடுத்துவிட்டு, அதே அளவில் தனிக்குண்டுகளைக் கொள்ளும் மட்டும் போட்டேன். எண்ணிக்கை மாறுவதால் எல்லாக் குண்டும் ஒரே நேரத்தில் எல்லாக் குழியிலும் விழாது. இன்னும் பல வருடம் அந்த ஹெட்செட் ஓடும்.

ஹப்பின் குண்டுகளை அழுத்திப் பிடிக்கும் கோனை இறுக்குவதில் ஒரு நுணுக்கம். லீவரை மூடிப் பூட்டும் குயிக் ரிலீஸ் இருக்கிற சக்கரத்தில், கையில் வைத்திருக்கும்போது அச்சு மிகமிக லேசாக ஆட வேண்டும். ஃபிரேமில் மாட்டி லீவரை மூடியதும் அந்த அழுத்தத்தில் அச்சு துளி சுருங்கும், ஆட்டம் மறையும். கையிலேயே ஆட்டமில்லாமல் இறுக்கிவிட்டால் மாட்டிய பிறகு பேரிங் நசுங்கிக்கொண்டே ஓடும்.

சக்கரம்தான் எனக்குப் பிடித்த வேலை. பழையது 27 அங்குல ரிம், டயர் உட்காரும் விட்டம் 630 மில்லிமீட்டர். இப்போது நல்ல டயர் பெரும்பாலும் 700சி அளவில்தான் கிடைக்கிறது, அது 622. வித்தியாசம் 8, ஆக ஆரத்தில் 4 மில்லிமீட்டர் மட்டும். கான்டிலீவர் பிரேக்கில் கட்டையை அந்த நாலு மில்லிமீட்டர் கீழே இறக்க இடமிருந்தது, மட்கார்டுக்கும் அகல டயருக்கும் கூடுதல் இடமும் கிடைத்தது. பழைய ரிம்மின் பக்கங்கள் பிரேக் கட்டை தேய்த்துத் தேய்த்து உட்புறமாகக் குழிந்து போயிருந்தன, அதை வைத்துக்கொண்டு சுமையோடு இறக்கத்தில் இறங்க நான் தயாராக இல்லை. ஹப்பை மட்டும் வைத்துக்கொண்டு புது ரிம், புதுக் கம்பி.

இங்கே ஒரு எச்சரிக்கை. கம்பிகளை வெட்டுவதற்கு முன்னால் பின்சக்கரத்தின் பல்சக்கரத் தொகுதியான ஃபிரீவீலைக் கழற்றிவிடுங்கள். மிதிக்க மிதிக்க இறுகுகிற மரை அது, வருடக்கணக்கில் மலையேறிய வண்டியில் பாறையாக இருக்கும். அதற்கான டூலை வைஸில் பிடித்து, முழுச் சக்கரத்தையும் ஸ்டியரிங் மாதிரி இரண்டு கையாலும் திருப்பினால்தான் கழலும். ரிம்மை வெட்டியெறிந்துவிட்டால் பிடிக்க ஒன்றும் இருக்காது, ஹப்பும் போச்சு. என்னுடையது அப்படித் திருப்பித்தான் வந்தது. உள்ளே அச்சைக் கழற்றிக் கண்ணாடி மேல் உருட்டினேன், நடுவில் கொஞ்சம் வளைந்திருந்தது. இந்த வகை ஹப்பில் வலது பேரிங் ஃபிரேமின் விளிம்பிலிருந்து ரொம்ப உள்ளே இருக்கும், இடைவெளியில் தாங்க ஆளில்லாமல் அச்சு சுமையில் வளையும். புது அச்சு போட்டேன். பின்பக்க அகலம் 126 மில்லிமீட்டர், அதையும் மாற்றவில்லை. எஃகு என்பதால் 130-க்கு விரிக்கலாம், எனக்கு ஆறு பல்சக்கரமே போதும்.

கம்பி பின்னி முடித்து, கோட்டம் எடுத்து, ஒரு பக்கம் ஆட்டம் அரை மில்லிமீட்டருக்குள் வந்ததும் வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. பக்கத்துப் பக்கத்தில் இணையாகப் போகும் கம்பிகளை இரண்டிரண்டாகக் கைநிறையப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு நெருக்க வேண்டும், சக்கரம் முழுக்க, இரண்டு பக்கமும். வளைவில் தங்கியிருக்கும் உள்ளழுத்தம் அப்போதுதான் தீரும், கம்பி நாளடைவில் முறியாமல் இருக்க இது முக்கியம் என்று ஜாப்ஸ்ட் பிராண்ட் என்ற பொறியாளர் விளக்கியிருக்கிறார். ஆல்ப்ஸ் மலைச் சாலைகளில் வருடா வருடம் ஓட்டியவர் அவர். முதல் சுற்று நெருக்கியதும் டிக் டிக்கென்று கம்பிகள் உட்காரும், சக்கரம் மறுபடி லேசாகக் கோணும், மறுபடி கோட்டம் எடுக்க வேண்டும். மூன்று தடவை செய்தேன், நாலாவது தடவை சக்கரம் அசையவில்லை. விரலால் மீட்டினால் ஒரே பக்கத்துக் கம்பிகள் எல்லாம் ஒரே சுருதியில் ஒலித்தன. பின்சக்கரத்தில் வலது பக்கம் மட்டும் சுருதி கூட இருக்கும், ஃபிரீவீலுக்கு இடம் விட்டு ரிம் அந்தப் பக்கம் நெருங்கி நிற்பதால் அந்தக் கம்பிகள் அதிக விறைப்பில் இருந்தாக வேண்டும்.

செயினை ஸ்கேல் வைத்து அளந்தால் தேய்மானம் தெரிந்துவிடும். புதுச் செயினில் 12 முழு இணைப்பு சரியாக 12 அங்குலம். 1/16 அங்குலம் கூடியிருந்தால் செயினை மாற்றுங்கள், 1/8 கூடியிருந்தால் பல்சக்கரமும் சேர்ந்து தேய்ந்திருக்கும். என்னுடையது 1/8-ஐத் தாண்டியிருந்தது, இரண்டையும் மாற்றினேன். முன்னால் சின்னது 28 பல், பின்னால் பெரியது 32. ஒரு முறை மிதித்தால் சக்கரம் ஒரு முழுச் சுற்றுகூடச் சுற்றாது, செங்குத்தான ஏற்றத்தில் சுமையோடு உட்கார்ந்தபடியே ஏறலாம். கியர் லீவர் பழைய மாதிரி, கிளிக் இல்லாதது, கையால் உணர்ந்து நகர்த்த வேண்டியது. அதைக் கழற்றிக் கழுவி அப்படியே வைத்துக்கொண்டேன். எந்த ஃபிரீவீல், எந்தச் செயின் போட்டாலும் வேலை செய்யும், வழியில் எதுவும் கெட்டால் கிடைப்பதைப் போட்டுக்கொண்டு போகலாம்.

துருப்பிடித்த எஃகு போல்ட்டுகளுக்கு ஆக்ஸாலிக் அமிலக் கரைசல். ஓர் இரவு ஊறினால் போதும், காலையில் தண்ணீர் மஞ்சள் பச்சையாகியிருக்கும். எடுத்துச் சோடா உப்புத் தண்ணீரில் கழுவி உடனே உலர்த்தி எண்ணெய் தடவ வேண்டும். விஷம், கையுறை இல்லாமல் தொடாதீர்கள், அலுமினியத்தை அதில் போடாதீர்கள். குரோம் பூச்சின் மேல் இருக்கும் துருவுக்கு அமிலமே வேண்டாம், அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தாலே போகும்.

எல்லாவற்றையும் காப்பாற்ற வேண்டும் என்ற ஆசையை ஓர் இடத்தில் மட்டும் அடக்கிக்கொண்டேன். ஹேண்டில்பார். அழகான பழைய அலுமினிய வளைவு, ஆனால் ஸ்டெம் பிடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஆழமாக ஒரு கீறல் இருந்தது. அலுமினியம் சோர்ந்துகொண்டே வந்து ஒரு நாள் முன்னறிவிப்பே இல்லாமல் முறியும், அது முறிகிற நேரம் பெரும்பாலும் நாம் பிரேக்கை அழுத்திப் பாரத்தை அதன்மேல் போடுகிற நேரமாக இருக்கும். அதே அகலத்தில் புதியது போட்டேன். பிரேக் கட்டையும் கேபிளும் சொல்லவே வேண்டாம், புதிதுதான். பழைய கட்டை மரம் மாதிரி ஆகியிருந்தது. கான்டிலீவர் வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மேலிருந்து வரும் கேபிள் அறுந்தால், பிரேக்கின் இரண்டு கைகளையும் இணைக்கும் குறுக்குக் கேபிள் டயர் மேல் விழுந்து முன்சக்கரத்தை அப்படியே பூட்டிவிடும். முன் மட்கார்டு இருந்தால் அது தடுத்துவிடும். எனக்கு மிச்சமிருந்த ஒற்றை மட்கார்டு முன்னால் மாட்டுவதாக அமைந்தது நல்லதாகப் போயிற்று.

முதல் நீண்ட ஓட்டத்துக்கு முன் பைகளில் 20 கிலோ ஏற்றினேன். எல்லாம் பின்னால் இருந்தபோது, இறக்கத்தில் வண்டி வாலை ஆட்டிக்கொண்டு ஓடியது, ஹேண்டிலில் அந்த நடுக்கம் தெரிந்தது. கனமான பொருட்களை முன் ஃபோர்க்கின் தாழ்வான பைகளுக்கு மாற்றியதும் ஆட்டம் நின்றது. திரும்பி வரும்போது ஒவ்வொரு மிதிக்கும் ஒரு கிறீச். பாட்டம் பிராக்கெட் என்று நினைத்துப் பாதி நாள் செலவழித்தேன், கடைசியில் பார்த்தால் முன் பல்சக்கரங்களைப் பிடிக்கும் ஐந்து சின்ன போல்ட்டில் ஒன்றைக் கிரீஸ் இல்லாமல் பூட்டியிருந்தேன். கழற்றி, தடவி, பூட்டியதும் சத்தம் போய்விட்டது.

அதற்கப்புறம் வருடத்துக்கு ஒரு தடவை சீட் பில்லரை முழுசாக வெளியே எடுத்துத் துடைத்து, மறுபடி கிரீஸ் தடவிச் செருகுகிறேன். போன வாரம் எடுத்தபோது போல்ட்டைத் தளர்த்தியதும் ஒற்றைக் கையில் வழுக்கிக்கொண்டு வந்தது. போன வருடம் தடவிய கிரீஸ் இன்னும் பச்சையாகவே இருந்தது.